டெலவேரில் வரியே இல்லையாமே? – வாசகர் கேள்விகளுக்கு ஆடிட்டர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்க எல்எல்சி, அதாவது உரிமையாளரின் பொறுப்பு போட்ட முதலோடு நிற்கிற கம்பெனி, பற்றியவை. டெல்டாவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை அங்கே இருக்கிறது, அதனால் ஆச்சரியமில்லை. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கும்பகோணத்தில் தொழில் செய்யும் ஆடிட்டர். இந்தியப் பக்கத்துக் கணக்கை நான் பார்ப்பேன். அமெரிக்க ரிட்டர்னை அங்கே உரிமம் பெற்ற என்ரோல்டு ஏஜென்ட் ஒருவர் முடித்துத் தருவார். இங்கே எழுதுவது விஷயம் பிடிபடுவதற்காக. ஃபைல் செய்வதற்கு முன் உங்கள் காகிதங்களை ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பட்டறையில் தலைமுறையாகக் குத்துவிளக்கு வார்க்கிறோம். மகன் நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். டெலவேர் மாநிலத்தில் தன் பெயரில் ஒரு எல்எல்சி பதிவு செய்து, விளக்குகளை மொத்தமாக வரவழைத்துத் தன் வீட்டு கராஜில் வைத்து, இணையத்தில் விற்கலாம் என்கிறான். டெலவேரில் வரியே கிடையாதாம். நம்பலாமா?
– வாசகர், நாச்சியார்கோவில்

பதில்: மகன் சொல்வது பாதிதான் ஐயா. மீதிப் பாதியில்தான் செலவு இருக்கிறது.

எல்எல்சி என்பது மாநிலச் சட்டம் பெற்றெடுத்த பிள்ளை. 1977இல் வயோமிங் மாநிலம்தான் முதலில் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்கள் பின்னால் வந்தன. ஃபெடரல் அரசு, அதாவது அந்நாட்டு மத்திய அரசின் வரித்துறையான ஐஆர்எஸ், இதற்கென்று தனி வருமான வரி எதையும் வைக்கவில்லை. 1997 முதல் நடப்பில் உள்ள விதி இதுதான்: ஒரே ஒருவர் சொந்தக்காரராக இருந்தால், வருமான வரிக்கு அந்த எல்எல்சியே இல்லாதது போல. லாபம் நேராக அவருடைய 1040 என்ற தனிநபர் ரிட்டர்னில், ஷெட்யூல் சி என்ற பக்கத்தில் வந்து உட்காரும். இரண்டு பேர் இருந்தால் கூட்டு வியாபாரம். 8832 என்ற படிவம் கொடுத்து ‘எங்களைக் கார்ப்பரேஷனாக நடத்துங்கள்’ என்று கேட்டுக்கொண்டால் மட்டும் கம்பெனி வரி, 21 சதவீதம்.

நம் ஊர் நிலக் கணக்கு தெரிந்தவருக்கு இது சுலபம். பட்டா யார் பேரில் வேண்டுமானாலும் இருக்கட்டும், அறுத்த நெல் யார் வீட்டுக் குதிருக்குப் போகிறது என்றுதான் ஐஆர்எஸ் பார்க்கிறது. ஆகவே ‘எல்எல்சிக்கு எவ்வளவு வரி’ என்று கேட்டால் பதில் கிடையாது. யாருடைய எல்எல்சி, அவர் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறார், சரக்கு எங்கே இருக்கிறது, இந்த மூன்றையும் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

உங்கள் மகன் விஷயத்தில் மூன்றுக்குமே விடை நியூ ஜெர்சி. டெலவேரில் இருக்கப்போவது ஒரு பதிவுச் சான்றிதழும், தபால் வாங்கிக்கொள்ள ஒரு ஏஜென்ட்டும்தான். அந்த மாநிலத்துக்குள் வியாபாரம் நடக்காத எல்எல்சிக்கு டெலவேர் வருமான வரி கேட்பதில்லை, வாஸ்தவம். ஆனால் சம்பாதித்தாலும் சம்பாதிக்காவிட்டாலும் ஆண்டுக்கு 300 டாலர் கட்ட வேண்டும், ஜூன் 1க்குள். தவறினால் 200 டாலர் அபராதமும் மாதம் ஒன்றரை சதவீத வட்டியும். ஏஜென்ட்டுக்கு ஆண்டுக் கட்டணம் தனி.

அதோடு முடியாது. சரக்கும் ஆளும் நியூ ஜெர்சியில் இருப்பதால் அந்த எல்எல்சியை அங்கேயும் பதிய வேண்டும். ஆண்டு அறிக்கைக்கு 75 டாலர். லாபத்துக்கு மகன் அந்த மாநிலத்திலும் வருமான வரி கட்டுவார். நியூ ஜெர்சி வாடிக்கையாளருக்கு விளக்கு விற்றால் 6.625 சதவீத விற்பனை வரி வசூலித்துக் கட்ட வேண்டும். கராஜில் சரக்கு இருப்பதால் முதல் விளக்கிலிருந்தே இந்தப் பொறுப்பு வந்துவிடும். டெலவேரில் விற்பனை வரி இல்லை என்பது டெலவேரில் வாங்குகிறவருக்குத்தான் லாபம், உங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

வெளியாரிடம் முதலீடு திரட்டப்போகிற பெரிய கம்பெனிகள் டெலவேரைத் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. குத்துவிளக்கு விற்பதற்கு எதற்கு? வசிக்கிற மாநிலத்திலேயே பதியச் சொல்லுங்கள். ஒரு மாநிலம், ஒரு கட்டணம்.

மற்ற மாநிலங்களுக்கு அனுப்புவது பற்றி ஒரு வார்த்தை. முன்பெல்லாம் கடையோ கிடங்கோ ஆளோ இல்லாத மாநிலத்துக்கு விற்பனை வரி வசூலிக்க வேண்டியதில்லை. 2018இல் சவுத் டகோட்டா மாநிலம் வேஃபேர் நிறுவனத்துக்கு எதிராக நடத்திய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. இப்போது ஒரு மாநிலத்தில் விற்பனை ஒரு அளவைத் தாண்டினால், பல இடங்களில் அது ஆண்டுக்கு 1,00,000 டாலர், அங்கேயும் பதிய வேண்டும். எட்ஸி, அமேசான் வழியாக விற்றால் பெரும்பாலும் அவர்களே வசூலித்துக் கட்டிவிடுகிறார்கள். சொந்த வலைத்தளத்தில் விற்கும்போதுதான் தலைவலி.

இறக்குமதித் தீர்வை தனிக் கணக்கு, அது ஃபெடரல். 800 டாலருக்குக் குறைந்த பார்சலுக்குத் தீர்வை கிடையாது என்ற சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ‘சின்னச் சின்னதாக அனுப்பிவிடலாம்’ என்று யாராவது யோசனை சொன்னால், அது பழைய கதை. அப்பனும் மகனும்தானே என்று இன்வாய்ஸில் விலையைக் குறைத்துப் போடவும் கூடாது. அங்கே சுங்கத்தில் கேட்பார்கள், இங்கே வங்கியில் ஏற்றுமதிப் பணம் முழுதாக வந்ததா என்று கேட்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மகன் எச்-1பி விசாவில் இருக்கிறாரா? அப்படியானால் அவருக்கு வேலை செய்ய அனுமதி இருப்பது விசா வாங்கிக் கொடுத்த முதலாளியிடம் மட்டும். எல்எல்சியில் பங்கு வைத்திருப்பது வேறு, ராத்திரி உட்கார்ந்து விளக்கைப் பொட்டலம் கட்டி அனுப்புவது வேறு. வரியை முறையாகக் கட்டியிருந்தாலும் குடியேற்றத் துறை அதைத் தவறாகவே எடுத்துக்கொள்ளலாம். வரி ஆலோசகரைப் பார்ப்பதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் ஃப்ரீலான்ஸ் புரோகிராமர். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோடு வீட்டில் உட்கார்ந்துதான் வேலை. அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக வயோமிங்கில் ஒரு எல்எல்சி தொடங்கினேன், நான் ஒருவன்தான் உரிமையாளர். தொடங்கிக் கொடுத்த இணைய நிறுவனம் ‘உங்களுக்கு அமெரிக்காவில் வரியும் இல்லை, ஃபைலிங்கும் இல்லை’ என்றது. இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஒன்றும் செய்யவில்லை. பிரச்சினை வருமா?
– பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: தம்பி, ‘வரி இல்லை’ என்பது அநேகமாகச் சரி. ‘ஃபைலிங் இல்லை’ என்பது தப்பு, அதுவும் விலை அதிகமான தப்பு.

சேவைக்கு வரும் பணம் எந்த நாட்டு வருமானம் என்பதை, வேலை எங்கே நடந்தது என்று பார்த்துத்தான் ஃபெடரல் சட்டம் முடிவு செய்கிறது. பணம் கொடுத்தவர் சிகாகோவில் இருக்கலாம். கீபோர்டு தஞ்சாவூரில் இருந்தால் அது அமெரிக்க வருமானம் அல்ல. அங்கே அலுவலகம் இல்லை, உங்களுக்காக வேலை செய்யும் ஆள் இல்லை, நீங்களும் போய் வேலை செய்வதில்லை என்றால் ஃபெடரல் வருமான வரி சாதாரணமாக வராது. வயோமிங்கில் தனிநபர் வருமான வரியும் இல்லை, கம்பெனி வருமான வரியும் இல்லை. ஆண்டு அறிக்கைக்குக் குறைந்தபட்சம் 60 டாலர், அவ்வளவுதான். அதைக் கட்டாமல் விட்டால் மாநிலம் எல்எல்சியைக் கலைத்துவிடும். முதலில் அது உயிரோடு இருக்கிறதா பாருங்கள்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். வெளிநாட்டவர் ஒருவரே முழு உரிமையாளராக உள்ள எல்எல்சி, வருமான வரிக்கு ‘இல்லாதது’ என்றாலும், தகவல் கொடுப்பதற்கு ‘இருக்கிறது’. 2017ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து இந்த விதி அமலில் இருக்கிறது. 5472 என்ற படிவத்தை நிரப்பி, அதற்கு மேலட்டை மாதிரி பெயர், முகவரி மட்டும் எழுதிய 1120 படிவத்தை வைத்து, ஏப்ரல் 15க்குள் தபாலிலோ ஃபேக்ஸிலோ அனுப்ப வேண்டும். 7004 படிவம் கொடுத்தால் அக்டோபர் 15 வரை அவகாசம். அதில் வரி எதுவும் கணக்கிட மாட்டார்கள். உங்களுக்கும் உங்கள் எல்எல்சிக்கும் நடுவே போய்வந்த பணத்தை மட்டும் கேட்பார்கள்: நீங்கள் போட்ட முதல், எல்எல்சி கணக்கிலிருந்து உங்கள் இந்தியக் கணக்குக்கு எடுத்த தொகை, தொடங்குவதற்குக் கைக்காசில் கட்டிய கட்டணம். லாபமே இல்லாத வருடத்திலும் இதில் ஏதாவது ஒன்று நடந்திருந்தால் படிவம் உண்டு.

அனுப்பாவிட்டால் அபராதம் ஒரு வருடத்துக்கு 25,000 டாலர். இருபது லட்ச ரூபாயைத் தாண்டும். நோட்டீஸ் வந்து 90 நாளாகியும் பேசாமல் இருந்தால் ஒவ்வொரு 30 நாளுக்கும் இன்னொரு 25,000. இரண்டு வருடமும் விட்டுப்போயிருந்தால், நோட்டீஸ் வருவதற்கு முன்னால் நீங்களாகவே தாக்கல் செய்து, தாமதத்துக்கான நியாயமான காரணத்தையும் எழுதி அனுப்புங்கள். அபராதம் கட்டாயம் தள்ளுபடி ஆகும் என்று சொல்ல மாட்டேன். பிடிபட்ட பிறகு எழுதுகிற காரணத்துக்கு மதிப்புக் குறைவு என்பது மட்டும் நிச்சயம். இதற்கு என்ரோல்டு ஏஜென்ட் வேண்டும், சொந்தமாக முயலாதீர்கள்.

வாடிக்கையாளர் ‘டபிள்யூ-9 கொடுங்கள்’ என்று கேட்டிருப்பார். அது அமெரிக்கர் கொடுக்கிற படிவம். எல்எல்சி அமெரிக்காவில் பதிவானது என்று நினைத்துப் பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் கொடுக்க வேண்டியது டபிள்யூ-8பென், எல்எல்சி பெயரில் அல்ல, உங்கள் சொந்தப் பெயரில்.

இந்தியப் பக்கம்தான் இன்னும் கவலை. நீங்கள் இங்கே வசிப்பவர், உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே வரி உண்டு. அமெரிக்க வங்கிக் கணக்கும் எல்எல்சி உரிமையும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துக்கான ஷெட்யூல் எஃப்ஏ பகுதியில் வர வேண்டும். அது ஏப்ரல் முதல் மார்ச் வரை உள்ள நிதியாண்டுக் கணக்கு அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஐடிஆர்-1, ஐடிஆர்-4 படிவங்களில் இதற்கு இடமே கிடையாது. காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்ச ரூபாய் அபராதம். 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகள் மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். அபராதம்தான் இல்லை, காட்ட வேண்டிய கடமை அப்படியேதான் இருக்கிறது.

அப்புறம் ஃபெமா, அதாவது அந்நியச் செலாவணிச் சட்டம். இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டு எல்எல்சியில் முதல் போடுவது, தொகை எவ்வளவு சின்னதானாலும், வெளிநாட்டு நேரடி முதலீடு. 2022இல் வந்த விதிகளின்படி வங்கி வழியாக எஃப்சி படிவம் கொடுத்து ஒரு அடையாள எண் வாங்க வேண்டும். ஒவ்வொரு டிசம்பர் 31க்குள்ளும் ஆண்டு அறிக்கை தர வேண்டும். நம் பக்கத்து வங்கிக் கிளையில் போய்க் கேட்டால் முழிப்பார்கள். அந்நியச் செலாவணிப் பிரிவு உள்ள கிளையைத் தேடிப் போங்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், உங்களுக்கு எல்எல்சியே தேவைப்பட்டிருக்காது. தஞ்சாவூரிலிருந்தே உங்கள் பெயரில் இன்வாய்ஸ் போட்டு டாலராக வாங்கலாம். சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் என்றால் ஜிஎஸ்டி பதிவே வேண்டாம். தாண்டினால் பதிந்து, எல்யுடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்துவிட்டால் ஏற்றுமதிச் சேவைக்கு வரி பூஜ்யம். வாடிக்கையாளர் அமெரிக்கப் பெயர் இருந்தால்தான் பணம் தருவேன் என்று அடம்பிடித்தால் ஒழிய, நிலுவையைச் சரிசெய்தபின் எல்எல்சியை முறைப்படி மூடிவிடுவதே நல்லது. மூடுகிற வருடத்துக்கும் 5472 உண்டு, மறக்க வேண்டாம்.

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் மகள் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறாள், எல்எல்சி அவள் பெயரில். கிரீன் கார்டு இருக்கிறது. செலவெல்லாம் போக 40,000 டாலர் நின்றதாம். டெக்சாஸில் வருமான வரி கிடையாது என்றார்கள். ஆனால் வருமான வரி தவிர இன்னொரு ஐயாயிரத்துச் சொச்சம் டாலர் கட்டச் சொல்கிறார்களாம். யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று பயமாக இருக்கிறது. மாப்பிள்ளையையும் பங்காளியாகச் சேர்த்தால் குறையுமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: யாரும் ஏமாற்றவில்லை அம்மா. டெக்சாஸ் மாநிலம் தனிநபர் வருமான வரி கேட்பதில்லை, சரி. இந்த ஐயாயிரம் கேட்பது மாநிலம் அல்ல, ஃபெடரல். அதற்குச் சுயதொழில் வரி என்று பெயர். சம்பளக்காரருக்கு சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியம், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீடு இரண்டுக்கும் முதலாளி பாதி, தொழிலாளி பாதி கட்டுவார்கள். உங்கள் மகளுக்கு முதலாளியும் அவளே, தொழிலாளியும் அவளே, ஆகவே இரண்டு பாதியும் அவள் தலையில். 15.3 சதவீதம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த வரி லாபம் முழுவதுக்கும் அல்ல, அதில் 92.35 சதவீதத்துக்குத்தான். 40,000இல் அது 36,940. அதில் 15.3 சதவீதம் 5,652 டாலர். அவர்கள் சொன்னது சரிதான். இதில் பாதியை வருமான வரி போடும் தொகையிலிருந்து கழித்துக்கொள்ளலாம். லாபத்தில் 20 சதவீதம் வரை இன்னொரு கழிவும் சின்னத் தொழிலுக்கு உண்டு, அவளுடைய ஆள் அதைப் போட்டிருக்கிறாரா என்று கேட்கச் சொல்லுங்கள். இந்தப் பணம் ஆற்றோடு போவதுமில்லை. 40 புள்ளி சேர்ந்தால், சுமார் பத்து வருட உழைப்பு, முதுமையில் ஓய்வூதியமும் மெடிகேரும் வரும். இந்தியாவில் வேலை பார்த்த வருடங்களை இதில் சேர்த்துக்கொள்ள இரு நாட்டுக்கும் இடையே ஒப்பந்தம் இல்லை, அங்கே கட்டியதுதான் கணக்கு.

மொத்தத்தையும் ஏப்ரலில் ஒரே மூச்சில் கட்டுவது கஷ்டம், காலாண்டில் கட்டாததற்கு அபராதமும் சேரும். ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15 என்று நாலு தவணை. இன்னொரு வழி: மாப்பிள்ளை சம்பளக்காரர், இருவரும் சேர்ந்து ரிட்டர்ன் போடுகிறார்கள் என்றால், அவர் அலுவலகத்தில் டபிள்யூ-4 படிவத்தை மாற்றிக் கொடுத்துச் சம்பளத்தில் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லலாம். தவணைத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நான் பார்த்தவரை குடும்பங்களுக்கு இதுதான் ஒத்துவருகிறது.

மாநிலத்திலும் ஒரு வேலை உண்டு. டெக்சாஸில் எல்எல்சிக்கு ஃபிராஞ்சைஸ் வரி இருக்கிறது. 2024, 2025 அறிக்கைகளுக்கு வரவு 24.7 லட்சம் டாலரைத் தாண்டினால்தான் வரி. மகள் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனாலும் மே 15க்குள் தகவல் அறிக்கை ஒன்று கொடுக்க வேண்டும். சலங்கை, நகை செட், புடவை வரவழைத்துப் பிள்ளைகளுக்கு விற்றால் அதற்கு விற்பனை வரி, மாநிலத்துக்கு 6.25 சதவீதம், உள்ளூருக்கும் சேர்த்து 8.25 வரை போகும்.

மாப்பிள்ளையைச் சேர்த்தால் வரி குறையாது. வேறு மாநிலமாக இருந்தால் கூட்டு வியாபார ரிட்டர்ன் என்று ஒரு வேலையும் கூடும். டெக்சாஸில் கணவன் மனைவி சொத்து பொதுச் சொத்தாகக் கருதப்படுவதால், இருவர் மட்டும் உள்ள எல்எல்சியை ஒருவருடையது போலவே காட்ட ஐஆர்எஸ் அனுமதிக்கிறது. நியூ ஜெர்சியில் அந்த வசதி இல்லை. எப்படியானாலும் லாபம் ஒன்றுதான். இருக்கிறபடியே இருக்கட்டும்.

கேள்வி: அமெரிக்காவில் உள்ள தம்பியின் எல்எல்சியில் என் பெயரையும் சும்மா ஒரு பத்து சதவீதத்துக்குச் சேர்க்கிறேன் என்கிறான். ஆட்சேபணை உண்டா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: சும்மாவா! நீங்கள் நுழைந்த அன்றே அது கூட்டு வியாபாரம். மார்ச் 15க்குள் 1065 ரிட்டர்ன். தாமதித்தால் ஒவ்வொரு பங்காளிக்கும் மாதம் 200 டாலருக்கு மேல் அபராதம். நீங்கள் அங்கே வசிக்காதவர் என்பதால், அங்கே நடக்கும் வியாபார லாபத்தில் உங்கள் பங்குக்கு 37 சதவீதத்தைத் தம்பி முன்கூட்டியே பிடித்துக் கட்ட வேண்டும். அதைத் திரும்பப் பெற நீங்கள் ஐடிஐஎன் என்ற அமெரிக்க வரி எண் வாங்கி, அங்கே வசிக்காதவருக்கான 1040-என்ஆர் ரிட்டர்ன் போட வேண்டும். இங்கே ஷெட்யூல் எஃப்ஏ, ஃபெமா எல்லாம் மேலே தஞ்சாவூர் தம்பிக்குச் சொன்னபடி. தம்பிக்குப் பாசம் என்றால் வேறு வழியில் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஈஐஎன் என்பது நம் பான் மாதிரியா? வாங்கித் தர ஒரு வலைத்தளம் 200 டாலர் கேட்கிறது.
– வாசகர், திருவாரூர்

பதில்: ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் எல்எல்சிக்கு. ஐஆர்எஸ் இதற்குக் காசு வாங்குவதில்லை. சோஷியல் செக்யூரிட்டி எண்ணோ ஐடிஐஎன் எண்ணோ இல்லாதவர் ஆன்லைனில் வாங்க முடியாது, எஸ்எஸ்-4 படிவத்தை ஃபேக்ஸில் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். 200 டாலர் என்பது அந்தக் காத்திருப்பை அவர்கள் செய்வதற்கான கூலி.

கேள்வி: ‘உரிமையாளர் விவரத்தை உடனே ஃபின்சென்னில் பதிவு செய்யாவிட்டால் தினமும் நூற்றுக்கணக்கான டாலர் அபராதம்’ என்று மின்னஞ்சல் வருகிறது. வயோமிங் எல்எல்சி. கட்டணம் 199 டாலர் கேட்கிறார்கள்.
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஃபின்சென் என்பது அமெரிக்க நிதித் துறையில் நிதிக் குற்றங்களைக் கண்காணிக்கும் பிரிவு. 2024இல் அப்படி ஒரு விதி இருந்தது. 2025 மார்ச்சில், அமெரிக்காவிலேயே பதிவான கம்பெனிகளுக்கும் எல்எல்சிகளுக்கும் அதிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள், உரிமையாளர் வெளிநாட்டவராக இருந்தாலும் சரி. விதி அமலில் இருந்த காலத்திலும் ஃபின்சென் தளத்தில் பதிவு இலவசம்தான். எல்எல்சி தொடங்கியவுடன் மாநிலப் பதிவேட்டில் உங்கள் முகவரி ஏறிவிடுகிறது, அதைப் பார்த்துத்தான் அரசு முத்திரை போட்டது போன்ற இத்தகைய கடிதங்களை அனுப்புகிறார்கள். பணம் அனுப்ப வேண்டாம், பாஸ்போர்ட் நகலும் அனுப்ப வேண்டாம். வயோமிங் ஆண்டு அறிக்கைக்கான நினைவூட்டலும் மின்னஞ்சலில் வரலாம், ஆகவே எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு அழித்துவிடாமல், மாநிலச் செயலாளர் தளத்துக்கு நீங்களே போய் உங்கள் எல்எல்சியின் பெயரைத் தேடிப் பாருங்கள். பாக்கி இருந்தால் அங்கேயே தெரியும்.